ஆறரை இலக்க மீட்டரும் உங்கள் தங்கையும்

பெருமதிப்பிற்குரிய குனியோ மச்சான் அவர்களுக்கு,

சைத்தாமாவிலிருந்து உங்கள் தங்கை கணவன் யோஷிஹிரோ குனிந்து வணங்கி எழுதுவது. இங்கே குளிர்காற்று வறண்டு, தொட்டதெல்லாம் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. உங்கள் நாகஓகாவில் பனி கூரையை எட்டியிருக்கும். நீங்களே கூரையேறிப் பனியை வாரித் தள்ளாதீர்கள், இடுப்பு முக்கியம். முந்தாநாள் பெட்டியோடு அங்கே வந்து இறங்கிய உங்கள் தங்கை மசாயேயைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அவள் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். நடந்தது இதுதான். பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்க, மேசையிலேயே கிடக்கிற மாதிரி, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று தேடினேன். நீங்கள்கூட போனில், "புதுசா நாலரை இலக்கத்துல ஒண்ணு வாங்குங்க மாப்ளே, ரேடியோவுக்கு அது தாராளம்" என்றீர்கள். கேட்டேனா? அகிஹபாராவில் பழைய கருவிகள் விற்கும் தொகாஷியின் கடைக்குப் போனேன். ஏதோ ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்த ஆறரை இலக்க மீட்டர் அங்கே இருந்தது. இலக்கம் கூடினால் நுட்பம் கூடும்; இது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்துச் சொல்லுமாம். எனக்கு எதற்கு அது? ஆனாலும் சபலம் யாரை விட்டது!

தொகாஷி, "ஒரு மணி நேரம் சூடேறவிட்டு அளங்க ஐயா. பின்னாடி இருக்கிற சீட்டை மட்டும் கிழிச்சுடாதீங்க" என்றான். அளவு சரிபார்த்த தேதிச் சீட்டு எல்லாக் கருவியிலும் இருக்குமே, அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். வீட்டில் பார்த்தால் அது காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தது. எப்படியும் காலாவதியான சீட்டுதானே என்று வெந்நீர்த் துணி வைத்து உரித்துவிட்டேன். உரித்த பிறகுதான் படித்தேன். கோயில் முத்திரை! நம்மவர்கள் தேய்ந்த ஊசிக்கும் பழைய பொம்மைக்கும் பூசை செய்து வழியனுப்புவார்களே, அந்த ஆய்வுக்கூடத்தார் மீட்டருக்கும் செய்து, "உழைத்தது போதும், உறங்குக" என்று ஒட்டியிருக்கிறார்கள். நான் கண்டேனா?

அன்று தொடங்கியது. கம்பி எதிலும் மாட்டாமல் சும்மா கிடக்கும்போதே எண் ஓடும். யாராவது கிட்டே வந்தால் துள்ளும். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, இந்த மாதிரி மீட்டருக்கு உள்ளே மின்தடை அவ்வளவு அதிகம், அவள் கம்பளிச் சட்டையில் ஏறிய மின்சாரமே எண்ணை ஆட்டப் போதும் என்று மசாயேவுக்கு விளக்கினேன்.

"சரி, நான் வந்தா ஆடுது. இப்ப ரெண்டு பேரும் ஆடாம அசையாம உக்காந்திருக்கோமே, யாரு வர்றாங்க?" என்றாள்.

எண் கொஞ்சம் ஏறி நின்றது. மறுபடி கொஞ்சம் ஏறி நின்றது, மாடிப்படி ஏறுகிறவரைப் போல. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அது போகணும், இல்ல நான் போகணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா மச்சான்? "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ, காத்து வந்தா எண் நகருது" என்றேன். மடையன், மடையன்! முப்பத்தொரு வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள். இப்போதும் சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவிடுகிறேன். நாளைக்கே மீட்டரைத் தொகாஷி தலையில் கட்டிவிடுகிறேன், நீங்கள் சொன்ன நாலரையே வாங்குகிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் சளி இருமல் இல்லாமல் வசந்தத்தைப் பார்க்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
யோஷிஹிரோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மசாயேயே வந்துவிட்டாள்! வாசற்கதவு திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கோபமெல்லாம் போய்விட்டதாம். "நல்ல மீட்டருங்க, திருப்பிக் குடுக்காதீங்க" என்கிறாள். அதே கம்பளிச் சட்டை. மீட்டர் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் எண் ஆடவில்லை மச்சான். அத்தனை இலக்கமும் பூஜ்யம். போன் அவள் பக்கத்தில் இருக்கிறது, எடுக்கப் பயமாக இருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். மசாயே உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அவளை இங்கே அனுப்பாதீர்கள்.