டயருக்கு ஜாதகம் பார்ப்பவர்

கார் வைத்திருப்பவர்கள், கார் இல்லாதவர்கள் என்று உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்று நீங்கள் நினைத்திருந்தால், உத்திரமேரூர் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். இங்கே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: காருக்கு டயர் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர். கவனியுங்கள், வாங்குபவர் இல்லை. தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் வெளியே நிற்கும் வண்டிகளின் டயர்களைப் பார்ப்பார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களை வாசித்து, அது எந்த வருஷம் எந்த வாரம் பிறந்தது என்று கணித்து, ஆயுசு எவ்வளவு என்று பலன் சொல்லி, கடைசியில் காலால் ஓர் உதை விடுவார். உதைக்காவிட்டால் பலன் பலிக்காது. வண்டிக்காரர் இவரிடம் கேட்டாரா? கேட்கவில்லை. அதனால் என்ன?

திருப்புலிவனம் வசந்த்குமார் இந்த இனத்தில் முதல் தரம். மூன்று பேர் ஓட்டிச் சலித்துக் கைமாற்றிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி. ஏறுவதற்கே குனிந்து கும்பிட வேண்டும். நாலு டயரும் மொழுக்கென்று தேய்ந்திருந்தன. மாற்றிவிட்டால் முடிந்தது என்று அவர் மனைவி பிரிஸ்கில்லா நினைத்தார். பாவம், அப்போது கல்யாணமான புதிது.

ஆராய்ச்சி சித்திரையில் தொடங்கியது. பனி கொட்டும் தேசங்களில் மலைப்பாதையில் கார் ஓட்டும் வெள்ளைக்காரர்கள் சொன்னதையெல்லாம், வாலாஜாபாத் ரோட்டில் போவதற்காக இவர் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். கைப்பேசியில் டயர் பிரியர்களின் குழுவில் சேர்ந்தார். எல்லோரிடமும் யோசனை கேட்டார். ஒருவர் சொன்னதையும் கேட்கவில்லை. டயர்க் கடை தாமோதரன், சிவப்புக் கார் தெருமுனையில் திரும்பினாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார், காலை ஒன்பது மணியாக இருந்தாலும்.

மாசியில் பிரிஸ்கில்லாவுக்கு நர்ஸ் வேலைக்கு நேர்காணல் வந்தது. காஞ்சிபுரத்தில், காலை பத்து மணிக்கு. படித்து முடித்துவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தவருக்கு அதுதான் முதல் அழைப்பு.

"பத்து மணிக்கு நான் அங்க இருந்தாவணும். இட்டுக்கினு போவீங்களா, இல்ல நான் பஸ்ல போவட்டா?"

"வூட்ல கார வச்சிக்கினு பஸ்ஸா? டயரு இந்த வாரம் முடிவாய்டும்."

ஆனது. பந்தயக் கார் ரகத்தில் அகலமான, உயரம் குறைந்த டயர்கள் வந்து சேர்ந்தன. வளைவில் ரோட்டை உடும்பாகப் பிடிக்குமாம். கார் மட்டும் இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்துபோனது. அதனால் நேர்காணல் காலையில், காரின் வயிறு இடிக்காமல் பாரம் குறைய வேண்டுமென்று, ஒவ்வொரு வேகத்தடையிலும் பிரிஸ்கில்லா இறங்கி, இஸ்திரி போட்ட புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

காவாந்தண்டலம் பக்கம் ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம். போகிற வண்டிகளெல்லாம் மேலே ஏறி ஏறி, உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். வசந்த்குமார் பிரேக் போட்டார்.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஜெயம்மா நிமிர்ந்து பார்த்தார். உளுந்து அவருடையது.

"இன்னா நைனா, நின்னுக்கினு கீற? ஏத்திக்கினு போ."

"இது வேற மாதிரி டயரும்மா. வழுக்குமான்னு தெர்ல. குரூப்ல கேட்டுக்கிறேன், ரெண்டே நிமிஷம்."

படம் எடுத்தார். அனுப்பினார். காற்றைக் குறை என்றார் ஒருவர். கூட்டு என்றார் இன்னொருவர். வடைக்கு ஆகிற உளுந்தா என்று விசாரித்தார் மூன்றாமவர். பின்னால் வந்து நின்ற மினி பஸ் ஹாரன் அடித்தது.

"ஏங்க, நேரமாவுது. போலாங்க."

"இரும்மா, ஒருத்தர் டைப் பண்ணிக்கினு கீறாரு."

பிரிஸ்கில்லா சான்றிதழ்ப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்னால் நடந்து, மினி பஸ்ஸில் ஏறினார். எந்த வாரம் பிறந்ததென்று யாருக்கும் தெரியாத டயர்களோடு அந்த பஸ், காரைச் சுற்றிக்கொண்டு, உளுந்தின் மேல் ஏறி, யாரையும் யோசனை கேட்காமல் போய்விட்டது.

பிரிஸ்கில்லாவுக்கு வேலை கிடைத்தது. அன்று காலையில் வசந்த்குமாருக்கும் ஒரு வேலை கிடைத்தது.

"அதான் உன் பொஞ்சாதி பூட்ச்சே, சும்மாதான கீற? இப்டியும் அப்டியும் நாலு தபா ஓட்டிக் குடு" என்றார் ஜெயம்மா.

ஓட்டினார். வெயில் உச்சிக்கு வரும்வரை ஓட்டினார். "சோக்கா கீது நைனா உன் டயரு. ஒரு உளுந்து ஒடையல" என்று ஜெயம்மா சொன்னதை அப்படியே குழுவில் போட்டார். பாராட்டு குவிந்தது. அந்தச் சந்தோஷத்தில், சாயங்காலம் வீடு திரும்பிய மனைவியிடம் நேர்காணல் என்ன ஆயிற்று என்று கேட்க மறந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன கோடையில் நின்றுபோன உங்கள் வீட்டு மின்விசிறிக்குப் பதில் எது வாங்கலாம் என்று கைப்பேசியில் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களே, நீங்கள் எந்த இனம்? தலையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டுகிறார்கள். தெருவில் மினி பஸ் ஹாரன் கேட்கிறது.