சிக்யூ அக்காவின் பியூட்டி பார்லர்

புருவம் எடுக்கிற நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே ஜப்பான்காரரோடு பேசக்கூடிய பெண்மணி இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் புனேயில், கட்கி கடைத்தெருவில் பார்லர் வைத்திருக்கும் எங்கள் சிக்யூ அக்கா. அந்த ஜப்பான்காரருக்கு என்ன புரிந்தது என்பது வேறு விஷயம்.

அக்காவின் தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக கட்கிக்கு வந்தவர். அதனால் அக்காவின் தமிழில் பாதி இந்தி, மீதியில் பாதி மராத்தி. கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த எனக்கோ, இந்த ஊரில் என்னைத் தமிழில் அதட்ட ஒரு ஆள் கிடைத்ததே பெரிய பாக்கியமாக இருந்தது.

பார்லர் சர்டிபிகேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டமும் மாட்டியிருப்பார். பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் வாங்கிய, உலகத்து ரேடியோக்காரர்களோடு பேச அனுமதிக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ். கீழே, மருதாணி டப்பாக்களுக்கு நடுவே, இரண்டு செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் நடுநாயகமாக ஒரு பெரிய குமிழ், சுற்றிலும் சின்னச் சின்னக் குமிழ்கள், பொத்தான்கள். மைக்கை அழுத்தி "சிக்யூ, சிக்யூ" என்று அக்கா கூவினால், "கேட்கிறவங்க யாராவது பேசுங்களேன்" என்று அர்த்தம். நாள் முழுக்கக் கூவியதில் பெயரே அப்படி ஆகிவிட்டது.

முகத்தில் பேக் பூசிக்கொண்டு எழுந்து ஓட முடியாமல் கிடப்பவர்கள்தான் அக்காவுக்கு மாணவிகள்.

"தோ பாரு, பெரிசு ட்யூனிங். யாரு எங்க பேசறாங்கன்னு தேடறதுக்கு. பக்கத்துல இது சத்தம். இது ஆர்.எஃப். கெயின், ரேடியோவோட காது எவ்ளோ கூர்மையா இருக்கணும்னு சொல்றது. ஃபுல்லா வெச்சா ஊர் குப்பையெல்லாம் உள்ள வரும். சமஜ்லியா? தலையாட்டாத பா, பேக் வெடிச்சிரும்!"

நான் முதன்முதலாகப் போன அன்று ஒரு புருவம் முடிந்திருந்தது. பெட்டிக்குள்ளிருந்து யாரோ இருமியது போல ஒரு சத்தம். அக்கா நூலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். பெரிய குமிழை நகத்தின் நுனியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். இருமல், குரலாக மாறியது. ஏதோ ஒரு தீவிலிருந்து ஒரு பெரியவர். அவர் ஊர் மழை, அவர் முழங்கால் வலி, அவர் பூனை என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதால் நான் ஒற்றைப் புருவத்தோடு வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். "கேமரா ஏன் ஆஃப்ல இருக்கு?" என்று மேனேஜர் கேட்டார். நெட்வொர்க் சரியில்லை என்றேன்.

ஒரு கணபதி உற்சவத்தின்போது எதிர்ப் பந்தலின் ஒலிபெருக்கியில், ஆரத்திக்கு நடுவே, வாத்து கத்துவது போல ஒரு குரல் கேட்டது. பந்தல் போட்ட மண்டல் பையன்கள் நேராக பார்லருக்குள் புகுந்தார்கள். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "அரே, பவர் ஜாஸ்தி ஆயிடுச்சு, நான் பேசறது உங்க ஸ்பீக்கர்ல பூந்துடுச்சு" என்று ஒரு குமிழை இடப்பக்கம் திருகினார். வாத்து அடங்கியது. வந்த பையன்களில் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்து, "இன்னா முடி இது, காக்கா கூடா?" என்று வெட்டி அனுப்பினார்.

இதெல்லாம் சும்மா. அக்கா யார் என்று கட்கிக்கே தெரிந்தது பக்கத்துத் தெருச் செல்வியின் கல்யாணத்தில்தான்.

ஆவணி மாதம். சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நகர் என்கிற வெளியூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். காலையிலிருந்து பேய் மழை. மத்தியானம் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போனும் செத்தது. பார்லரில் செல்வி பாதித் தலை சுருட்டி, பாதித் தலை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா முகத்தில் பேக்கோடு, உதட்டை அசைக்காமல் அழுதுகொண்டிருந்தார். நான் மருதாணி வைத்துக்கொள்ள வந்து மாட்டிக்கொண்டேன்.

செல்வியின் அப்பா நனைந்தபடி வந்தார். "காலையிலேயே கிளம்பிட்டாங்களாம். இன்னும் காணோம். ஆத்துல தண்ணி வேற ஏறுதுன்னு பேசிக்கிறாங்க" என்றார். செல்வி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

அக்கா சீப்பைக் கீழே வைத்தார். "அண்ணா, உங்க கார் பேட்டரியக் கழட்டிக் கொண்டாங்க."

"எதுக்கும்மா?"

"கொண்டாங்க சொல்றேன்!"

பேட்டரி வந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது. அக்கா மைக்கை அழுத்தி, நகர் ரோட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று இந்தியிலும் மராத்தியிலும் கூப்பிட்டார். இரைச்சல்தான் பதில். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் இரைச்சல். ஆர்.எஃப். கெயினை மெல்லக் குறைத்தார். இரைச்சல் தணிந்தது; அதன் அடியில் கொசு மாதிரி ஒரு குரல்.

"யாரும் மூச்சு விடாதீங்க!"

விடவில்லை. ஒரு சின்னக் குமிழை அக்கா தொட்டார். "பெரிச தொட்டா நாம பேசறதும் சேர்ந்து நகந்துரும், அவரு நம்மள உட்ருவாரு. இத்த தொட்டா நம்ம காது மட்டும் அவராண்ட போவும்" என்று அந்த நேரத்திலும் எனக்குப் பாடம். கொசு, மனிதரானது. நகர் ரோட்டில், ரஞ்சன்காவ் ஆலைக் குடியிருப்பில் இருக்கும் ஒரு மராத்திக்காரர். வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மழைச் சத்தத்தையும் செல்வியின் அப்பா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றதையும் தவிர எதுவும் நினைவில்லை.

பெட்டி கரகரத்தது. "பஸ் திஸ்லி, தாயி! திஸ்லி!" பஸ் தெரிந்துவிட்டது என்று மராத்தி தெரியாத எனக்கே புரிந்தது. ரோட்டில் மரம் விழுந்து மறித்திருக்கிறது, ஆற்றுப் பக்கமே அவர்கள் போகவில்லை, எல்லோரும் நலம்.

"மாப்பிள்ள?" என்றாள் செல்வி. அக்கா கேட்டார்.

பதில் வந்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ச்சே, சிரிச்சு சிரிச்சு வாயே குழறுது! அவரு டாபால உக்காந்து வடாபாவ் துன்னுனு இருக்காராம். ரெண்டாவது ப்ளேட்டாம்!"

"நான் இங்க அழுதுட்டு இருக்கேன், அங்க வடாபாவா?" என்று செல்வி கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். அவளுடைய அம்மா சிரித்த சிரிப்பில் பேக் பொலபொலவென்று மடியில் கொட்டியது.

இருட்டும் நேரத்தில் பஸ் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை இறங்கியதும் செல்வி முறைத்த முறைப்பில், அவர் வரவேற்பில் எதையுமே சாப்பிடவில்லை. அக்கா மேடைக்கு வரவேயில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, சமையல்காரருக்கு சிக்யூ என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் ஊரின் மறுகோடிக்கு வீடு மாறிவிட்டேன். தெருவுக்குத் தெரு பார்லர் இருக்கிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்கிக்குப் பஸ் ஏறுகிறேன். "முடி வெட்டவா இவ்ளோ தூரம் போற?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். பெரும்பாலும் முடி வளர்ந்தே இருக்காது.