கலையரசனின் கொத்தமல்லிக் குழாய்

"கொசுறெல்லாம் கிடையாதுங்க சார்."

கத்தரிக்காய்ப் பையை நீட்டியபடியே நின்றுவிட்டார் கலையரசன். அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்காலுக்குத் தினமும் காய்கறி வண்டி கொண்டுவரும் பொன்னி, இத்தனை வருஷத்தில் யாருக்கும் கொத்தமல்லிக் கொசுறு இல்லையென்று சொன்னதில்லை. சொன்ன கையோடு, அடுத்து நின்ற தங்கம்மாளின் பையில் கேட்காமலேயே ஒரு கொத்தைச் செருகினாள்.

"அவங்களுக்கு மட்டும் தர்றே?"

"அவங்க வேற சார்."

அவரால் தாங்க முடியாதது இதுதான். இரண்டு மாதம் முன்புவரை அவர் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. அவர் கையெழுத்து விழாமல் ஒரு காகிதம் நகராது. ஓய்வு பெற்ற பிறகோ வீட்டு டி.வி. ரிமோட்கூட அவர் சொன்னபடி கேட்பதில்லை. மிச்சமிருந்த அதிகாரத்தைச் சமையலறையில் செலுத்தினார். மளிகை டப்பாக்களுக்கெல்லாம் கோப்பு எண் எழுதி ஒட்டினார். ரசம் ஏன் தாமதம் என்று மனைவி சந்திரகலாவிடம் விளக்கம் கேட்டார். இப்போது ஒரு கொத்துத் தழைக்குக்கூட லாயக்கில்லாத ஆளாகிவிட்டார்.

"இனிமே உன் கொத்தமல்லிய கையால தொட மாட்டேன். நானே வளர்த்துக் காட்டறேன். அதுவும் மண்ணே இல்லாம!"

மண்ணே இல்லாமல் என்றது வெறும் வீறாப்பு இல்லை. முந்தின நாள்தான் யூடியூபில் பார்த்திருந்தார். குழாயில் ஓட்டை, ஓட்டையில் கப், கப்பில் செடி. அடியில் சத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சந்திரகலா கேலி செய்வாள் என்று நினைத்தார். அவள் செய்யவில்லை.

"தாராளமா செய்ங்க."

"கிச்சன் ஜன்னலோரமா வெச்சா, பறிச்ச உடனே குழம்புல—"

"வேணாம் வேணாம்! மொட்டமாடியிலதான் வெயில் ஜாஸ்தி."

பக்கத்து வீட்டு சர்தார் பாயின் ஹார்ட்வேர் கடையில் நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய் வாங்கினார். மீன்தொட்டி மோட்டார் ஒன்றைப் பிடித்தார். டப்பாவிலிருந்து மல்லி விதையை அள்ளி, தேங்காய் நாரில் பொதிந்து கப்புகளில் வைத்தார். பன்னிரண்டு நாள் தினமும் பத்து தடவை குனிந்து பார்த்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டதே தவிர முளை வரவில்லை. தண்ணீர் கம்மி என்று முடிவு செய்து மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டார். விதைகள் மிதந்துபோய் மோட்டாரை அடைத்தன.

சந்திரகலா ஓர் ஈர விதையை மோந்து பார்த்தாள்.

"இத எந்த டப்பாவுல எடுத்தீங்க?"

"கோப்பு எண் கொ.ம. பார் ரெண்டு."

"அது சாம்பார்ப் பொடிக்கு வறுத்து வெச்சதுங்க."

"டப்பாவுல வறுத்ததுனு போடலையே?"

"டப்பாவுக்கு நம்பர் ஒட்டினது யாரு?"

அந்த விசாரணை அத்துடன் கைவிடப்பட்டது.

இரண்டாம் முறை வறுக்காத மல்லி. எட்டாம் நாள் பச்சை தெரிந்தது. தெரிந்த அன்றே குரங்கு ஒன்றும் வந்தது. கலையரசன் வலை வாங்கிப் போர்த்தினார். இவ்வளவு பத்திரமாக மூடியிருக்கிறதே, உள்ளே ஏதோ விசேஷம் போல என்று அது மறுநாள் குடும்பத்தோடு வந்தது. வலையைப் பிடித்து இழுத்த இழுப்பில் குழாயின் மூடி தெறித்து, சத்துத் தண்ணீர் முழுவதும் பக்கத்து வாசலில் கொட்டியது. அது வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் கிளம்பி நின்ற சர்தார் பாயின் வெள்ளை ஜிப்பா பச்சையும் பழுப்புமானது.

சொட்டச் சொட்ட மாடியேறி வந்தவர், சண்டையை மறந்து குழாயைப் பார்த்தார்.

"மூடிக்குப் பசையே போடாம மாட்டியிருக்காங்களே! எவன் சார் செஞ்சான் இந்த வேலைய?"

"நான்தான் பாய்."

"அதானே பார்த்தேன்."

அவர் போன பிறகு கலையரசன் தண்ணீர்த் தொட்டிக்கடியில் உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே அழுகை வந்தது. முப்பத்தி நாலு வருஷம் ஆபீஸைக் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு தழையை வளர்க்கத் துப்பில்லையே என்று வெட்கமாக இருந்தது. சந்திரகலா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க. உங்களால முடியாததா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சர்தார் பாயே வந்து பசை போட்டு ஒட்டி, கம்பி வலையில் கூண்டும் அடித்துக் கொடுத்தார். கலையரசன் விதையை இரண்டாக உடைத்துப் போட்டார். காலையில் மாடி ஏறினால் சாப்பிட மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ரசம் எப்போது கொதித்தது, எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. நாற்பதாம் நாள் குழாய் முழுக்கக் கொத்தமல்லி காடாக மண்டிக் கிடந்தது. அதன் வாசனை தெருமுனைவரை போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியைச் சுற்றிக் கூட்டம் சேரும்வரை மாடியிலேயே காத்திருந்தார். பிறகு ஒரு முறம் நிறைய அறுத்துக்கொண்டு இறங்கினார். தங்கம்மாளுக்கு ஒரு கொத்து. சர்தார் பாய் வீட்டுக்கு இரண்டு கொத்து.

"மண்ணே இல்லாமலா சார்? கடைக்காரங்க தோத்தாங்க போங்க!" என்றாள் தங்கம்மாள்.

மிச்சத்தில் பெரிய கொத்தாகப் பார்த்து எடுத்துப் பொன்னியின் தராசுத் தட்டில் வைத்தார்.

"இந்தா, இது என்னோட கொசுறு!"

கூட்டம் கைதட்டியது. பொன்னி கையெடுத்துக் கும்பிட்டாள். "தோத்துட்டேங்க சார்."

கலையரசனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முறத்தை வீசிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடியேறினார். அறுபது வயசு என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் தலை மறைந்ததும் பொன்னி, கூட்டத்தோடு நின்ற சந்திரகலாவின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நீங்க சொன்னபடி கொசுறு இல்லைன்னதுல சாருக்கு ரெண்டு மாசம் ஓடிருச்சுக்கா. அடுத்து எத இல்லைனு சொல்லட்டும், கறிவேப்பிலையா, பச்ச மிளகாயா?"