கூழ்த் தலைவரும் ஆடும் மின்விசிறியும்

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட மகத்தான சாதனை, அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அமைக்கப்பட்ட ‘கார்ட்டூன் கவர்ச்சி ஆய்வுக் குழு’. சரித்திரம் இதைக் குறித்துக்கொள்ளாவிட்டால் நஷ்டம் சரித்திரத்துக்குத்தான்.

குழு பிறக்கக் காரணம் தட்டச்சர் அம்மாள். அவள் தலைக்கு மேலே மின்விசிறி பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. பயத்தை மறக்க, சாப்பாட்டு வேளையில் கணக்காளரோடு சேர்ந்து கைப்பேசியில் ஒரு தொடர் பார்ப்பாள். பெரியவர்களுக்கான விண்வெளிக் கார்ட்டூன். கப்பலில் ஓட்டை விழுந்து காற்று போய்க்கொண்டிருக்கும். கப்பல் தலைவரான பச்சைக் கூழ் ஜந்து, தான் மட்டும் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தை கலந்து கூட்டம் நடத்திக்கொண்டே இருக்கும். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அலுவலகத்தில் சிரிப்புச் சத்தமா? மேலாளர் பதறிப்போனார்.

“இதுல அப்படி என்னம்மா இருக்கு?”

“சும்மா சிரிப்புதான் சார். அப்புறம் அந்த ஃபேன்...”

“ஃபேன் எங்கம்மா ஓடிப்போகுது? முதல்ல இந்தக் கவர்ச்சிக்குக் காரணம் தெரியணும்.”

குழு ‘போர்க்கால அடிப்படையில்’ கூடியது. குறிப்பெடுக்க வசதியாகத் தட்டச்சரின் மேசையிலேயே கூட்டம். மேலாளர் மட்டும் ஏனோ நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தொடரைக் கண்கொட்டாமல் பார்த்தார். முடிவில் கண் கலங்கியது.

“பாவம்யா அந்தக் கூழ்! கப்பல்ல பொறுப்பான ஆள் அது ஒண்ணுதான். கூட்டம், தீர்மானம்னு ஓயாம உழைக்குது. மத்தவங்க என்னடான்னா காத்து, காத்துன்னு நச்சரிக்கிறாங்க.”

கணக்காளர் சிரிப்பை இருமலாக மாற்றினார். தட்டச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே பார்த்தாள்.

“சார், ஃபேன் சத்தமே மாறுது.”

“குறிப்புல எழுதிக்கம்மா. அடுத்த கூட்டத்துல ‘ஆவன செய்வோம்’.”

எழுதத் தாள் இல்லை. எடுக்க எழுந்து அலமாரிக்குப் போனாள். அவள் நாற்காலி மீது மின்விசிறி வந்து விழுந்தது. நாற்காலி நொறுங்கிப் போயிற்று.

மேலாளர் ஞானம் பிறந்தவராகக் கைதட்டிச் சிரித்தார்.

“இப்பப் புரிஞ்சுதும்மா! இந்த மாதிரி இடத்துலதான் சிரிக்கணும், இல்ல?”

தட்டச்சரின் குரல் நடுங்கவில்லை.

“இல்ல சார். கூழ் மட்டும் மாஸ்க் போட்டிருந்துச்சே, நாங்க சிரிச்சது அதுக்கு. உங்க நாற்காலி எங்க கிடக்குன்னு கொஞ்சம் பாருங்க.”