பத்துப் புயலுக்கும் திரும்பாத ஆன்டெனா

வெட்கப்படுகிறவர்களுக்கு இந்த உலகத்தில் மொட்டைமாடியைப் போல நல்ல இடம் கிடையாது. மேலே ஏறிவிட்டால் யாரும் பேச்சுக்கொடுக்க வரமாட்டார்கள். நான் டிஷ் மாட்டும் தொழிலுக்கு வந்ததே இதற்காகத்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். (கேட்டவர்களிடமெல்லாம் "எலக்ட்ரானிக்ஸ் மேல ஆசைங்க" என்று சொல்லி வந்தேன். அது பொய்.) ஹனூரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவைச் சுற்றியுள்ள மாடிகளிலேயே இருபது வருடத்தைக் கழித்தேன். டிஷ்ஷைத் தென்கிழக்குப் பார்த்துத் திருப்புவேன். போல்ட்டை இறுக்குவேன். அசைகிறதா என்று ஒரு உதை விட்டுப் பார்ப்பேன். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சாமுண்டி மலை மெல்ல நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நீலத்துக்கும் மேலே எங்கேயோ ஒரு செயற்கைக்கோள் அசையாமல் நின்று, கீழ்வீட்டு அம்மாவுக்கு சீரியல் அனுப்புகிறது என்று நினைத்தால் தூக்கம் வருகிற மாதிரி ஒரு சுகம்.

செயற்கைக்கோள் அசையாது. டிஷ் அசைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். என் விண்வெளி ஞானம் அவ்வளவுதான்.

என் மகள் லில்லி அப்போது இன்ஜினியரிங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு பரீட்சை வைக்கிறது. அதில் தேறி, உரிமமும் வாங்கியிருந்தாள். அவளும் நாலு தோழிகளும் கல்லூரி மாடியில் இருந்த சின்ன அறையில் ஒரு நிலையம் அமைத்து, செயற்கைக்கோள் வழியாக மற்ற ஊர்க்காரர்களோடு பேச வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பிரின்சிபாலுக்கோ அந்த அறையை உடற்பயிற்சிக் கூடமாக்க ஆசை. கடைசியில் அவர் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒருநாள் மாலை தன் முன்னால் பேசிக் காட்ட வேண்டும்; முடியாவிட்டால் அறை கிடையாது. லில்லி யோசிக்கவே இல்லையாம். "ஆன்டெனாவெல்லாம் எங்க அப்பா பார்த்துக்குவார் சார்" என்று சொல்லிவிட்டாள்.

என்னைக் கல்லூரிக்கு அழைத்துப்போய், மூன்று லெக்சரர்களின் முன்னால் உட்காரவைத்துப் படங்களைக் காட்டினாள். ஒன்று, நாலு கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த சின்ன ஆன்டெனா. அதற்கு வானம் முழுக்கக் கேட்கும், ஆனால் கிழவர் காது மாதிரி மந்தமாகத்தான் கேட்கும். மற்றது மீன்முள்ளைப் போலிருந்தது. நீட்டிய திசையில் மட்டும் அதற்குக் கூர்மையாகக் கேட்கும். நீளம் கூடக்கூடக் காது கூர்மையாகும், கேட்கிற இடம் குறுகிக்கொண்டே போகும். "குட்டை மீன்முள்ளே போதும்பா, கையில பிடிச்சுக்கிட்டு..." என்று அவள் மேலே ஏதோ சொன்னாள். மூன்று லெக்சரர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குக் காது அடைத்துவிடும். செருப்பைப் பார்த்தபடி எட்டு முறை தலையாட்டினேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே கனவு தொடங்கிவிட்டது. கையில் பிடிப்பதாவது? என் மகளுடைய ஆன்டெனாவை யாரோ ஒருவர் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பதா? எட்டடி நீளம், பதினைந்து கம்பிகள், வெள்ளிப் பெயின்ட். வானத்தின் காதுக்குள்ளேயே போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத கல்லூரி மாடியில் (என் சொர்க்கம்), அரை டிரம் நிறையக் கான்கிரீட் போட்டு, அதில் இரும்புக் குழாயை நட்டு, தென்கிழக்குப் பார்த்து ஆன்டெனாவைப் பற்றவைத்தேன். ஒரு வாரம் தினமும் காலையில் போய்க் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். லில்லிக்குப் பரீட்சை நேரம். அப்பா மேல் இருந்த நம்பிக்கையில் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி நாள் டிரம்முக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்து, ஆன்டெனாவோடு சேர்த்து ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, திறப்பு விழாவுக்குக் காத்திருந்தேன்.

அன்று மாலை வெள்ளைச் சட்டையில் போனேன். விருந்தாளி என்பதால் கருவிப்பை வீட்டிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவி சகாயம், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பெட்ஷீட்டை உருவினேன். எல்லாரும் கை தட்டினார்கள், லில்லியைத் தவிர.

"அப்பா, இது எப்படித் திரும்பும்?"

"திரும்பாது கண்ணு. பத்துப் புயல் அடிச்சாலும் திரும்பாது."

அவள் டிரம்மைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் பேசுகிற டீச்சரைப் போல மெதுவாகச் சொன்னாள். "இது ஓடற சாட்டிலைட்டுப்பா. தென்மேற்குல ஏறி, வடகிழக்குல இறங்கிரும். பத்தே நிமிஷம். நாமளும் அது பின்னாடியே திரும்போணும்."

இருபது வருடமாக நான் போல்ட் போட்டு நிறுத்தி வைத்திருந்த வானம் அந்த நொடியில் என் தலைக்கு மேலே நகர ஆரம்பித்தது.

குறித்த நேரம் வந்தது. வானொலிக் கருவியில் தகரக் கூரைமேல் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. எங்கோ தென்மேற்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பெட்டி ஏறி வந்துகொண்டிருக்க, என் ஆன்டெனா சாமுண்டி மலைப் பக்கமாக வெறித்துக்கொண்டிருந்தது. டிரெட்மில் இந்தக் கதவுக்குள் நுழையுமா என்று பிரின்சிபால் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் கேட்பது என் காதில் விழுந்தது. லில்லி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் போய் டிரம்மைக் கட்டிப்பிடித்தேன்.

ஏன் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அது அசையவும் இல்லை. ஆனால் வாட்ச்மேன் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். பிறகு இரண்டு லெக்சரர்கள். சகாயம் புடவையைச் செருகிக்கொண்டு, வார்டில் நோயாளியைப் புரட்டிப் போடும் குரலில் உத்தரவு போட ஆரம்பித்தாள். "எல்லாரும் ஒண்ணா. இழுக்கக் கூடாது, சாய்ச்சு உருட்டோணும். சார், நீங்க சும்மாதான நிக்கிறீங்க, கால்மாட்டுப் பக்கம் வாங்க." கடைசியாகச் சொன்னது பிரின்சிபாலிடம். அவரும் வந்துவிட்டார்.

டிரம் ஓரமாகச் சாய்ந்து, விளிம்பில் மெல்ல உருண்டது. எட்டடி மீன்முள் வானத்தைத் துழாவிக்கொண்டு சுற்றியது. லில்லி ஒரு கையில் மைக்கை வைத்துக்கொண்டு, "இன்னும் வடக்கே, இன்னும் மேலே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேற்கே வானம் ஆரஞ்சாகியிருந்தது. ஐந்து பேர் ஒரு கான்கிரீட் டிரம்மோடு வால்ட்ஸ் நடனம் ஆடுவதைத் தெருவிலிருந்து யாராவது பார்த்தார்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆன்டெனாவைத் திருப்புகிறவன் மேலே இருப்பான், டி.வி. கீழே இருக்கும். அதனால் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் பழகிப்போன ஒரு கூச்சல் உண்டு. பேச்சில்தான் நான் ஊமையே தவிர, அந்தக் கூச்சலில் இல்லை. கை திருப்பினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அன்றும் திறந்துகொண்டது.

"வருதா கண்ணு?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

சரியாக அப்போதுதான் லில்லி பேசுவதற்காக மைக் பட்டனை அழுத்தியிருந்தாள். அவள் விரலை எடுத்ததும் தகரக் கூரை மழை சட்டென்று நின்றது. தொலைவிலிருந்து, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு, ஓர் ஆணின் குரல் கேட்டது.

"வருது... வருது. ஆர் கதைக்கிறது?"

மாடியில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். லில்லி பாதி அழுகையும் பாதி சிரிப்புமாகத் தன் அழைப்புக் குறியையும் பெயரையும் ஊரையும் சொன்னாள். அவர் மட்டக்களப்பு என்றார். வானிலை நல்லது என்றார். இன்னும் ஏதோ சொல்லவந்தவரைத் தகரக் கூரை மழை மறுபடி மூடிக்கொண்டது. எல்லாம் முப்பது நொடிதான் இருக்கும். அந்த முப்பது நொடியும் என் குரல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே எங்கோ மிதந்துகொண்டிருந்ததை நினைத்து, வெட்கத்தையும் மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரின்சிபால் வேட்டைக்குப் போய்வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பேன்ட் முழுக்க வெள்ளிப் பெயின்ட். அறை பிள்ளைகளுக்கே என்று கன்னடத்தில் சொன்னார். இந்த டிரம்மை யார் கீழே இறக்குவது என்றும் கேட்டார். யாராலும் முடியவில்லை; அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது. குழாயை மட்டும் அறுத்து எடுத்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டரை அடி மீன்முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

வானொலிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. பேசியது உண்மைதான் என்று ஒருவருக்கொருவர் தபாலில் அட்டை அனுப்பி உறுதி செய்துகொள்வார்கள். இரண்டு மாதம் கழித்து மட்டக்களப்பிலிருந்து லில்லிக்கு ஓர் அட்டை வந்தது. ஒலி எப்படி இருந்தது என்று எழுத வேண்டிய இடத்தில், அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: "முதலில் கதைத்த ஐயாவின் குரல் அளவுக்கு மிஞ்சிய பலம். தயவுசெய்து மைக்கை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று கதைக்கச் சொல்லவும்."

நான் மைக்கிலிருந்து பதினைந்தடி தள்ளித்தான் இருந்தேன்.

சகாயம் அந்த அட்டையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். விருந்தாளிகள் வந்து, நான் வழக்கம்போல வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தால், எல்லார் முன்னாலும் சொல்கிறாள்: "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. மட்டக்களப்புல தூங்கிட்டிருப்பாங்க."