வெள்ளிக்கிழமையை வென்ற கதை

கனடாவின் வின்னிபெக் மாநகராட்சியின் வேலி அனுமதிப் பிரிவில் லாரிசா என்றொரு எழுத்தர் இருந்தாள். அவள் முத்திரை விழாமல் அந்த நகரத்தில் எவரும் வேலிக்கு ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அப்பேர்ப்பட்ட அதிகாரம் படைத்தவளுக்கு ஒரே ஒரு குறை. அவள் மகள் ஐஸ் ஹாக்கி ஆடுவது வெள்ளிக்கிழமை பிற்பகலில். மகள் போட்ட கோல்களை லாரிசா போனில்தான் பார்த்திருந்தாள். அதுவும் கணவன் டாராஸ் படம் பிடிக்கும் லட்சணத்தில் முன்வரிசைக்காரரின் தொப்பிதான் பாதி நேரம் தெரியும்.

ஆகவே பணியாளர் சங்கத்தின் சார்பில் மேலாளர் கிளைவிடம் போய் நின்றாள்.

"கிளைவ், அஞ்சு நாள் வேலையை நாலு நாள்ல முடிச்சுக் காட்டுறோம். வெள்ளிக்கிழமையை எங்களுக்கு விட்டுடுங்க."

கிளைவ் அண்மையில்தான் 'நெகிழ்வான பணிச்சூழல்' மாநாட்டுக்குப் போய், டையைக் கழற்றிவிட்டுத் திரும்பியிருந்தார்.

"நானே குடுக்கணும்னுதான் இருந்தேன். ஆனா ஓய்வுன்னா ஓய்வா இருக்கணும். வெள்ளிக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"துணி துவைப்பேன், வாசல்ல பனியைத் தள்ளுவேன், அப்புறம் மக ஆட்டத்துக்கு..."

"பாத்தீங்களா! அத்தனையும் வேலை. மாநகராட்சி குடுக்குற ஓய்வுல வீட்டு வேலை பாக்குறது முறைகேடு இல்லையா?"

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. ஒரு ஹாக்கிப் பருவம் முடிந்து அடுத்த பருவமே தொடங்கிவிட்டது. கடைசியில் உடன்பாடு கையெழுத்தானது. வெள்ளிக்கிழமையன்று பணியாளர் எவரும் எந்த வேலையும் செய்தலாகாது. ஓய்வின் தரத்தை உறுதிசெய்யும் பொருட்டு, அதை அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும். நெகிழ்வுக்கு அடையாளமாக, அவரவர் விரும்பிய பக்கம் சாய்ந்துகொள்ளலாம்.

முதல் வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் சாய்ந்தார்கள். வெளியே உறைபனியில் நின்ற ஒரு பெண்மணி கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க? என் நாய் தினமும் பக்கத்து வீட்டுக்கு ஓடுது. வேலி போட ஒரு முத்திரை குத்துங்களேன்!"

லாரிசாவின் கை தானாக முத்திரையை நோக்கி நகர்ந்தது. கிளைவ் ஓடி வந்தார்.

"லாரிசா, புருவம் சுருங்குதே, கவலைப்படுறீங்களா?"

"இல்ல கிளைவ், மூக்கு அரிக்குது."

"சொறியாதீங்க. அது கை வேலை."

ஓய்வில் தேர்ச்சி பெறாதவர்கள் சனிக்கிழமை காலை வந்து மறுபடி ஓய்வெடுக்க வேண்டும் என்று அடுத்த சுற்றறிக்கை வந்தது. லாரிசா எல்லா வாரமும் தோற்றாள். அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டில் துணி மலையாகக் குவிந்தது.

பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் பொங்கி எழுந்தாள். மொத்தப் பிரிவும் அவள் பின்னால் பனியில் இறங்கியது. 'ஓய்வு ஒழிக! வேலை கொடு!' என்ற அட்டைகளைக் கண்டு, போகிற கார்களெல்லாம் ஆதரவாக ஹாரன் அடித்தன.

கிளைவ் அதிர்ந்துபோனார். "வாரத்துக்கு அஞ்சு நாள் வேலையா? அது ரொம்பப் பெரிய சலுகையாச்சே! இன்னைக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாப் பிரிவும் வந்து நிப்பாங்க."

"குடுக்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்!"

"சரி, பதிலுக்கு நீங்களும் ஏதாவது விட்டுக்குடுக்கணுமில்ல?"

சங்கம் கூடி ஆலோசித்துக் கோடை விடுமுறையை விட்டுக்கொடுத்தது. கனத்த இதயத்தோடு கிளைவ் ஐந்து நாள் வேலைக்கு ஒப்புக்கொண்டார். கேக் வெட்டினார்கள். லாரிசாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வாகன நிறுத்தத்தைச் சுற்றி வந்தார்கள். அவளும் கண் கலங்கிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினாள். "டாராஸ், ஜெயிச்சுட்டோம்! திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் வேலை! சனிக்கிழமை கூப்பிடவே மாட்டாங்க!"

மாநகராட்சிக் கிடங்கில் காலை நேர வேலை பார்க்கும் டாராஸ் தலையைச் சொறிந்தான். "நேத்து மாநகராட்சி சார்புல எங்க கிடங்குக்குக் கிளைவ் வந்து பேசினாரு. எங்களுக்கும் வெள்ளிக்கிழமை ஓய்வுன்னாரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினோம்."

"நீயுமா?"

"முதல்ல எந்திரிச்சதே நான்தான்."

"நான் பட்ட பாட்டைக் கண்ணால பாத்துக்கிட்டேதானே இருந்த!"

"பாத்தேன்தான்," என்றான் டாராஸ். "ஆனா எங்களுக்கு மெத்தை தர்றாங்களாமே!"