இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் செந்தில்வேல்

வாட்ச் வாங்குகிறவர்கள் ஒரு வகை. வாட்ச் வாங்கப்போகிறவர்கள் தனி இனம். பெருமாநல்லூர்ப் பக்கம் எந்தப் பனியன் கம்பெனி வாசல் டீக்கடையிலும் இவர்களில் ஒருவரைப் பார்க்கலாம்: ஒரு கையில் டம்ளர், மறுகையில் போன், போனில் எவனோ வாட்ச்சோடு கடலுக்குள் குதிக்கிற வீடியோ, இவர் மணிக்கட்டு மட்டும் காலி.

என் நண்பர் செந்தில்வேலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி கம்பெனியில் துணி செக்கிங் வேலை. பேட்டரி இல்லாமல் கையசைவிலேயே ஓடுகிற, இருநூறு மீட்டர் ஆழம் தாங்குகிற, பத்தாயிரத்துக்குள் அடங்குகிற டைவிங் வாட்ச் ஒன்றைத் தினசரி கட்ட வேண்டும் என்பது அவர் லட்சியம். நீச்சல் தெரியுமா? தெரியாது. அவர் இறங்கிய அதிகபட்ச ஆழம், மழைநாளில் ரயில்வே பாலத்துக்கடியில் முழங்கால் அளவு. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நானே மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிவிட்டேன். அவர் நான்கு வருடமாக வாட்ச்சை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை வேறு வழியில்லை. மறுநாள் அவிநாசியில் பெண் பார்க்கப் போக வேண்டும். என்னையும் இழுத்துக்கொண்டு அந்தோணிராஜ் அண்ணன் வாட்ச் கடைக்குப் போனார்.

"ஏனுங்க, இதே மாடல்ல பத்துப் பீஸ் இருக்குதுங்களா?"

"பத்துக் கையிலயா கெட்டப் போறிய?"

"இல்லீங்க, அதுல ரெண்ட எடுத்துச் செக் பண்ணோணும்."

இருந்தது ஒன்றுதான். நீல டயலை வாசல் வெயிலில் பிடித்து ஷேடு பார்த்தார். வெள்ளைத் துணியால் வாரைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தார். கண்ணாடியைச் சுற்றியுள்ள, முக்கோணக் குறி போட்ட வளையத்தை டிக் டிக்கென்று நூற்றிருபது முறை எண்ணித் திருகினார். பிறகு தீர்ப்பு.

"முக்கோணம் பன்னெண்டுக்கு நேரா நிக்கிலீங்க. அரை எம்எம் தள்ளியிருக்குது. ரிஜெக்ட்."

"நாலு வருசமா இதையேதான் சொல்லுதிய. நாளைக்கு வெறுங்கையோட போங்க தம்பி. பொண்ணு வீட்டுல மணி கேட்டா சூரியனப் பாத்துச் சொல்லுங்க."

ரோஷம் வந்தது. வாட்ச்சும் வந்தது.

மறுநாள் பெண் யாழினி காபி கொண்டுவந்தாள். அவளும் வேறொரு கம்பெனியில் செக்கிங்தான் என்பதைத் தரகர் சொல்ல மறந்திருந்தார். இவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள், மணிக்கட்டை மூன்றுமுறை.

"ஏனுங்க, அந்த முக்கோணம் கொஞ்சம் தள்ளி நிக்குதுங்களே?"

கூடப் போன எனக்கே வியர்த்தது. செந்தில்வேல் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அது... டாலரன்ஸுக்குள்ளதானுங்க."

அளவு துளி முன்னேபின்னே போனாலும் பீஸைத் தள்ளாமல் விடுகிற எல்லைக்கு அவர்கள் தொழிலில் அந்தப் பெயர். நான்கு வருடத்தில் எந்த வாட்ச்சுக்கும் அவர் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"எனக்குக் கோவமும் துளி முன்னபின்ன வருமுங்க. அதுவுங்களா?"

"அதுவும் உள்ளதானுங்க!"

பத்துப் பீஸ் கேட்கவில்லை. வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை. தேய்த்தும் பார்க்கவில்லை. யாழினி சிரித்துக்கொண்டே காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். வைகாசியில் கல்யாணம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் போனில் பொங்கலிலிருந்து காத்துக்கிடக்கிற அந்த மிக்ஸி என்ன பாவம் செய்தது? ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியதை விட்டுவிட்டு, மூடி சரியில்லை என்று ஒருவர் எழுதியதை மட்டும் மூன்றாவது தடவை படிப்பது யார்?

அதிருக்கட்டும். இந்தப் பக்கத்தின் ஓரம் நேராக இருக்கிறதா என்று இப்போது கண்ணை ஓட்டினீர்களே, அதற்கு என்ன பெயருங்க?